அறிவை அளக்கும் கோல்

வரலாற்றுப் பாடம் முடியச் சிறிது நேரமே இருந்தது. காந்தியடிகளின் இளமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளியில் அவர் தலைசிறந்த மாணவராக விளங்கியவர் அல்லர். நடுத்தர மாணவர் என்றே தம்மைக் குறித்துக்கொண்டார் என்று கூறி நிறுத்தினேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா! கணக்கில் நான் எப்பொழுதும் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்குகிறேன். அப்படியானால் காந்தியடிகளைவிட நான் அறிவுடையவனா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. அவன் முகம் வாடியது. எனினும் அவன் உட்காரவில்லை. விடை வேண்டி நின்றான்.

மணி அடித்துவிட்டது. "நாளை சொல்கிறேன், தம்பி" என்று கூறி வெளியே வந்தேன். உண்மையில் அவனுக்கு உடனே சொல்லத்தக்க விடை என்னிடம் இல்லை.

அன்றிரவு அவனுடைய வினாவை எண்ணிப் பார்த்தேன். அவனைப் பார்த்துச் சிரித்தவர்களும், அவர்களுடைய தந்தையரும், ஏன், நானுங்கூட, இதே ஒப்பீட்டை நாள்தோறும் செய்கின்றோம். திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் நாளேட்டை விரித்து வைத்துக்கொண்டு, "அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இப்படியா செய்திருப்பேன்?" என்று பேசுகின்றவர் எத்தனை பேர்! நாட்டை ஆள்வோரினும் தமக்கே அறிவு மிகுதி என்பது அவர்கள் துணிவு. வேறு ஒரு சாரார் இருக்கின்றனர். "அவர்களெல்லாம் பிறவி மேதைகள். நம்மால் ஆவது என்ன?" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவர். முன்னவர் தலைவர்களைத் தம் தோளுக்குக் கீழே இறக்குகின்றனர். பின்னவர் அவர்களை எட்டாத வானத்தில் ஏற்றிவிடுகின்றனர். இரு சாராரிடமும் ஓர் அளவுகோல் இருக்கின்றது. அந்தக் கோல் எத்தகையது என்பதைத்தான் அவர்கள் பார்ப்பதில்லை. அந்த மாணவனோ தன் கோலை ஒளிக்காமல் எடுத்துக் காட்டினான். கணக்குத் தேர்வின் மதிப்பெண்ணே அக்கோல்.

அந்தக் கோலைக் கொண்டே அளந்து பார்ப்போம். காந்தியடிகள் இராசகோட்டை உயர்நிலைப் பள்ளியில் முதலாண்டு படித்தபோது, கல்வி மேற்பார்வையாளர் ஒருவர் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். அவற்றுள் ஒன்று 'கெட்டில்' என்பது. சிறுவன் மோகன்தாசு அதனைப் பிழைபட எழுதினான். அடுத்த மாணவனின் பலகையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுமாறு ஆசிரியர் தம் காலணியின் நுனியால் குறிப்புக் காட்டினார். ஆசிரியர் நிற்பதே பார்த்து எழுதுவதைத் தடுப்பதற்குத்தான் என்று எண்ணியிருந்த சிறுவனுக்கு அக்குறிப்பு விளங்கவே இல்லை. மற்றவர் எல்லாரும் ஐந்து சொற்களையும் சரியாக எழுதினர். அவன் ஒருவன் மட்டும் பிழை செய்தான்.

அதன் பின்னும் அவருடைய படிப்பு ஏறியும் இறங்கியுமே நடந்தது. வடிவ கணிதம் ஒரு காலத்தில் அவருக்குப் பெருஞ்சுமையாய் இருந்தது. ஆங்கிலத்தின் வாயிலாக அதனைக் கற்பித்தமையால் ஒன்றும் புரியாமல், கீழ் வகுப்புக்கே திரும்பிவிடலாமா என்றுகூட அவர் எண்ணினார். யூக்ளிடின் பதின்மூன்றாம் தேற்றத்தை அடைந்தபோதுதான் திடீரென்று ஒளி பிறந்தது. பகுத்தறிவைப் பயன்படுத்தினால் போதும் என்று தெளிந்தபின் அப்பாடமே எளிதாயிற்று. 1887-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிப் பவநகரிலுள்ள கல்லூரியில் சேர்ந்தார். அங்கே விரிவுரைகளைப் பின்பற்ற இயலாமல் ஒரு பருவத்தோடு வீடு திரும்பினார். இங்கிலாந்து சென்று இலண்டன் மெட்ரிகுலேஷன் எழுதியபோது இலத்தீன் மொழியில் தோற்று, மறுமுறை எழுதித் தேறினார். 1891-இல் பாரிஸ்டராகித் தாயகம் வந்தார். பம்பாயில் முதல் வழக்கை எடுத்துக்கொண்டு எழுந்தபோது தலை சுழன்றது. கேட்பதற்கு ஒரு வினாவும் தோன்றவில்லை. வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். இத்தனையையும் பிறர் கண்டுபிடித்து எழுதவில்லை. அவரே தம் வரலாற்றில் எழுதி வைத்தார்.

மதிப்பெண் கோலைக் கொண்டு அளந்தால், பின்வரிசை மாணவன் வென்றுவிட்டான் என்றே சொல்லவேண்டும். ஆனால், கதை அங்கே முடியவில்லை. 1893-இல், இருபத்து மூன்று வயதில், வணிக நிறுவனம் ஒன்றின் வழக்குக்காக அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். நாற்பதினாயிரம் பவுன் பற்றிய வழக்கு அது. வழக்கு முழுவதும் கணக்கு. பற்று என்பது எது, வரவு என்பது எது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பேச்சில் அடிக்கடி 'பி நோட்டு' என்ற சொல் அடிபட்டது. அகராதியில் தேடினார், கிடைக்கவில்லை. பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், வழக்கை நடத்த வந்தவர், அச்சொல்லின் பொருள் தமக்குத் தெரியாது என்று ஒருவரிடம் சொல்லிக் கேட்டார். கடன் உறுதிச் சீட்டு என்பது பொருள் என்று அறிந்தார். பின்னர்க் கணக்கு வைக்கும் முறை பற்றிய நூல் ஒன்றை வாங்கிப் படித்தார். ஓராண்டுக்கு அருகே அவ்வழக்கின் செய்திகளிலேயே மூழ்கிக் கிடந்தார்.

முடிவில், இரு கட்சியாரும் உறவினர் என்பதையும், வழக்கு நீண்டால் இருவருமே அழிவர் என்பதையும், இரு பக்கத்து வழக்கறிஞர்களுக்கும் நாளுக்கு நாள் செலவு ஏறுவதையும் கண்டார். நடுவர் ஒருவரிடம் வழக்கைக் கொண்டுசெல்ல இசைய வைத்தார். தீர்ப்புத் தம் கட்சிக்கே சாதகமாயிற்று. அத்துடன் அவர் நிற்கவில்லை. முப்பத்தேழாயிரம் பவுனை ஒரே முறையில் கட்டவேண்டுமானால் தோற்றவர் நொடித்துப் போவார். ஆகவே நெடுங்காலத் தவணைகளில் அத்தொகையைப் பெற்றுக்கொள்ளுமாறு தம் கட்சிக்காரரை வேண்டி இணங்கச் செய்தார். நடுவரிடம் செல்ல இசைவித்ததைவிட இதுவே கடினமாக இருந்ததாம்.

பம்பாய் நீதிமன்றத்தில் வாய் திறக்க இயலாதவருக்கு இரண்டே ஆண்டில் புதிய மூளையா முளைத்தது? இல்லை. தமக்குத் தெரியாத இடம் எது என்று கண்டார், அங்கிருந்து தொடங்கினார். அவ்வளவுதான் நிகழ்ந்தது. அந்த 'அவ்வளவுதான்' என்பது மிகப் பெரிது.

இறந்துபோன பெரியோர்களின் அறிவையும் எண்ணால் அளக்க முயன்றவர்கள் உண்டு. பாரிசு நகரத்தில் ஆல்பிரடு பினே என்பவர் 1905-இல் அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். பள்ளியில் பின்தங்கித் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அவர் நோக்கம். அவர் வகுத்த முறையிலிருந்தே நுண்ணறிவு ஈவு என்னும் எண் பிறந்தது. 1926-இல் அமெரிக்காவில் காதரின் காக்சு என்னும் அம்மையார், முந்நூறு பேரறிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்து, அவர்கள் ஒவ்வொருவருக்கும் இத்தகைய எண்ணை மதிப்பிட்டு வெளியிட்டார். வேடிக்கை என்னவெனில், எவருடைய இளமைக் குறிப்புகள் மிகுதியாகக் கிடைத்தனவோ அவருக்கு எண் உயர்ந்தது. குறிப்புகள் கிடைக்காதவருக்கு எண் தாழ்ந்தது. கோப்பர்நிக்கசு போன்றவருக்கும் அந்நிலையே நேர்ந்தது. பூமி கதிரவனைச் சுற்றுகிறது என்று உலகுக்கு நிறுவிக்காட்டியவர், இளமையில் எவரும் குறிப்பெடுத்து வைக்காத ஒரே காரணத்தால் பின்னே நிற்கவேண்டியதாயிற்று! கோல் அறிவை அளக்கவில்லை, காகிதத்தை அளந்தது.

தம் அறிவைப் பிறர் அறிவோடு ஒப்பிட்டுப் பார்த்த தலைவர் ஒருவர் உண்டு. அவர் செய்த ஒப்பீட்டை நாம் அறிந்துகொள்வது நல்லது. ஆபிரகாம் இலிங்கன் 1809-இல் கெண்டக்கிக் காட்டில் மரவீடு ஒன்றில் பிறந்தவர். பள்ளியில் படித்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிரம்பாது என்று அவரே எழுதினார். நாட்டு மன்றத்து உறுப்பினராக ஆன பிறகு, நாற்பது வயதளவில், யூக்ளிடின் முதல் ஆறு நூல்களையும் தாமாகவே படித்தார். காந்தியடிகளைத் திகைக்க வைத்த அதே யூக்ளிடுதான்.

1855-இல் கதிர் அறுக்கும் பொறி ஒன்றைப் பற்றிய பெரிய வழக்கு சின்சினாட்டி நகரில் நடைபெற்றது. இலிங்கனும் வழக்கறிஞர்களுள் ஒருவராக அமர்த்தப்பட்டிருந்தார். பல நாள் உழைத்து வாதக் குறிப்புகளை எழுதிக்கொண்டு சென்றார். கிழக்கு நகரங்களிலிருந்து வந்த பெயர்பெற்ற வழக்கறிஞர்கள் அவரை ஒரு பொருட்டாகவே கருதவில்லை. அவர்களுள் எட்வின் இசுடான்டன் என்பவர் மிகவும் இழிவாக நடத்தினார். இலிங்கனின் குறிப்புகளை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. வாதிடவும் வாய்ப்புத் தரவில்லை. ஒரே விடுதியில் தங்கியிருந்தும் உணவு மேசைக்கு அழைப்பார் இல்லை.

இந்த நிலையில் நாம் என்ன செய்வோம்? முதல் வண்டியிலேயே ஊர் திரும்புவோம். "அவர்களுக்கு என்ன தெரியும்!" என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். இலிங்கன் அங்கேயே தங்கினார். வழக்கு முடியும்வரை மன்றத்தில் அமர்ந்து, தம்மை இகழ்ந்தவர்கள் வாதிட்ட முறையைக் கூர்ந்து கேட்டார். ஊர் திரும்பும்போது, கல்லூரிப் பயிற்சி பெற்ற இவர்களுக்கு நிகராகத் தாம் ஆகவேண்டுமென்றும், மீண்டும் சட்டம் படிக்கப் போவதாகவும் சொன்னார் என்று உடனிருந்த ஒருவர் பின்னாளில் எழுதினார். மனத்தில் புண் இல்லாமல் இருந்திருக்குமா? இருந்திருக்கும். ஆனால், புண்பட்ட மனம் அவர் கண்ணை மறைக்கவில்லை. இசுடான்டனிடம் இருந்த இழிகுணத்தையும் கண்டார்; ஆற்றலையும் கண்டார். குடியரசுத் தலைவரான பின், 1862-இல், உள்நாட்டுப் போர் மூண்டிருந்த வேளையில், போர்த் துறைக்கு யாரை அமர்த்தலாம் என்ற நிலை வந்தபோது, அந்த இசுடான்டனையே அழைத்து அப்பதவியைக் கொடுத்தார்.

அதே போரில் மற்றொன்றும் நிகழ்ந்தது. தளபதி கிராண்டு, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள விக்சுபர்க்குக் கோட்டையைப் பிடிக்கப் புறப்பட்டார். ஆற்றைக் கடந்தபின் அவர் தெற்கே சென்று மற்றொரு படையோடு சேரவேண்டும் என்று இலிங்கன் கருதினார். கிராண்டோ வடகிழக்காகத் திரும்பினார். அது தவறு என்று இலிங்கன் அஞ்சினார். 1863 சூலை 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. சூலை 13-ஆம் நாள் இலிங்கன் கிராண்டுக்கு ஒரு மடல் எழுதினார். தாம் நினைத்தது இன்னது, அவர் செய்தது இன்னது என்று விளக்கிவிட்டு, நீங்களே சரி, நானே தவறு என்று ஒப்புக்கொண்டார். வெற்றி கிடைத்துவிட்ட நேரத்தில் இப்படி ஒரு மடலை எவரும் அவரிடம் கேட்கவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் அவர் எண்ணியதை வரலாறே அறிந்திராது.

தேநீர்க் கடையில் பேசுவோருக்கும் எனக்கும் இதில் ஒரு செய்தி இருக்கின்றது. விக்சுபர்க்கின் வரைபடத்தை விரித்துப் பார்க்கும் மாணவன், கிராண்டு சென்ற வழியே சிறந்தது என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவான். முடிவு அச்சாகிக் கையில் இருக்கின்றது அன்றோ? இலிங்கனுக்கு முடிவு தெரியாது. வெள்ளம் பெருகிய ஆறும், நாட்கணக்கில் வந்து சேராத செய்தியும், உயிர்கள் மடியும் கணக்குமே அவர் முன் இருந்தன. விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டவனுடைய மதிப்பெண்ணை, பாராமல் போட்டவனுடைய மதிப்பெண்ணோடு எப்படி ஒப்பிடுவது?

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, "பள்ளியில் சிறவாதவர்களே தலைவராவார்கள் போலும், படிப்பு எதற்கு?" என்று எவரேனும் எண்ணிவிடக் கூடாது. மாணவர்கள் விரைவாக எட்டும் முடிவு இது. எனக்கும் ஒரு காலத்தில் இனித்த முடிவுதான். அண்ணல் அம்பேத்கர் 1913-இல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றவர். 1923-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். சட்டமும் பயின்றார். தீண்டாமைக் கொடுமையால் வகுப்பறையில் தனியே உட்கார வைக்கப்பட்ட சிறுவன் எட்டிய உயரம் அது. எந்த மதிப்பெண் கோலும் அவருக்குக் குட்டையாகவே இருக்கும்.

அத்தகையவர் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக இருந்தார். வரைவுக்கு வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635. அவையில் முன்மொழியப் பெற்றவை 2,473. எல்லாவற்றுக்கும் எழுந்து விடையளித்த பெரும்பொறுப்பு அவருடையது. பணி முடிவுற்று, 1949 நவம்பர் 25-ஆம் நாள் அவையில் பேசியபோது, உறுப்பினர்கள் அவரைப் புகழ்ந்த புகழ்ச்சியை அவர் தமக்கென்றே வைத்துக்கொள்ளவில்லை. முதல் வரைவை உருவாக்கிக் கொடுத்த பி.என். இராவ் அவர்களுக்கும், சிக்கலான கருத்துகளையும் தெளிந்த சட்டமொழியில் வடித்த எசு.என். முகர்சி அவர்களுக்கும் அப்புகழில் பங்கு உண்டு என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். தம்மை இடைவிடாமல் எதிர்த்துப் பேசிய உறுப்பினர்களையும் பெயர் சொல்லி நன்றியோடு நினைத்தார். அவர்கள் இல்லாவிடில் அவை உயிரற்றுப் போயிருக்கும் என்பது அவர் கருத்து. உலகமெல்லாம் கற்றவர், தாம் செய்யாதது எது என்பதை அறிந்திருந்தார்.

நம் நாட்டில் காமராசரின் வரலாறு எல்லாரும் அறிந்தது. 1903-இல் விருதுநகரில் பிறந்தார். தந்தையை இழந்தமையால் இளமையிலேயே பள்ளியை விட்டுத் துணிக்கடைக்குச் சென்றார். 1954-இல் முதலமைச்சரானார். கட்சித் தலைமைக்காக அப்போது அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். இருவரும் பட்டம் பெற்றவர்கள், சட்டம் படித்தவர்கள். தோற்ற இருவரையும் காமராசர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்தின் கைக்கு வந்தன. ஊர் ஊராகச் சென்று மக்களிடம் கேட்பார். கோப்பு அறிந்தவர்களிடம் கேட்பார். குறைந்த சொற்களில் முடிவு சொல்வார். உறுதியாகத் தெரியாததற்கு அவர் வாயிலிருந்து வந்த சொல், "ஆகட்டும், பார்க்கலாம்" என்பது. திருக்குறளில் 'கல்வி', 'கல்லாமை' என்னும் அதிகாரங்களுக்குப் பின்னும் 'அறிவுடைமை' என்னும் அதிகாரத்துக்கு முன்னும் 'கேள்வி' என்ற அதிகாரம் இருக்கின்றது. அந்த வைப்புமுறைக்கு உரை வேண்டுமானால் காமராசரின் ஒன்பதாண்டு ஆட்சியைக் காட்டலாம்.

பின்னாளில், நாட்டின் தலைமையமைச்சராக அவரே வரவேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர். ஆங்கிலமும் சரளமாக வராது, இந்தியும் வராது, எப்படி என்று சொல்லி அவர் மறுத்ததாகக் கூறுவர். தம்மைத் தாமே அளந்துகொள்வதில் அவர் கோலைச் சற்றும் வளைக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் சொன்னேன். "தம்பி, காந்தியடிகள் எழுதிய தேர்வை நீ எழுதினால் அவரை வெல்லலாம். அதில் ஐயமில்லை. ஆனால், அவர் தமக்குத் தெரியாத ஒன்றின் முன் நின்ற இடத்தில் நீ இன்னும் நிற்கவில்லை. நிற்கும் நாள் வரும். அப்போது என்ன செய்கிறாய் என்று பார்த்து, பிறகு ஒப்பிட்டுக்கொள்" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். விடை அவனுக்கு நிறைவளித்ததா என்பது தெரியவில்லை.

ஒரு வாரம் சென்றது. மாலையில் வகுப்பு கலைந்தபின் அவன் மட்டும் மேசையருகே வந்து நின்றான். "ஐயா, அந்தப் பி நோட்டு என்றால் என்னவென்று காந்தியடிகள் யாரிடம் கேட்டார்?" என்றான். எனக்கு மறந்துவிட்டது. நினைவில்லை என்று சொன்னேன். இரவு புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்து, மறுநாள் காலையில் அவனிடம் கூறினேன்: அலுவலகத்தில் இருந்த எழுத்தர் ஒருவரிடம்.